பட்டா இல்லாத வயல்

2001இல் வெளிவந்த 'சிட்டிசன்' திரைப்படத்தில் அத்திப்பட்டி என்னும் மீனவச் சிற்றூர் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும். அது கற்பனை. எண்ணூருக்கு வடக்கே, மீஞ்சூரை அடுத்துள்ள அத்திப்பட்டு உண்மையானது; அது மறையவில்லை. அனல்மின் நிலையத்தாலும் அருகிலுள்ள துறைமுகத்தாலும் தமிழகம் அறிந்த ஊராகவே அது வளர்ந்துள்ளது. ஊர் நிலைத்தது, ஊரை வாழவைத்த ஆற்றுப் பொருளாதாரமே சிறிது சிறிதாகக் கரைந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கொசஸ்தலையாறு கடலைச் சேருமுன் எண்ணூர் உப்பங்கழியாக விரிகிறது. மேட்டில் நெல், கழியோரத்தில் உப்பளம், நீருக்குள் இறாலும் நண்டும் மடவையும் மஞ்சள் மட்டியும் என்று அது மூவகை விளைநிலமாக இருந்தது. மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்தால் வயல் வேலை தரும். மழைவெள்ளம் முகத்துவாரத்தைத் திறந்தபின் இறால் பெருகும். கோடையில் மீண்டும் உப்பு விளையும். படகும் வலையும் இல்லாத இருளர் குடும்பங்கள்கூட, முழங்கால் நீரில் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடித்துப் பறியில் சேர்த்தன. முதல் இல்லாதவருக்கும் ஆறு பிழைப்பு தந்தது.

அக்காலம் பொற்காலம் அன்று. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காட்டைத் தாண்டி நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அதன் வழியே விறகும் உப்பும் படகுகளில் நகருக்குச் சென்றன. நகரம் வாங்கியது விளைபொருளை மட்டுமே. விளைவித்த ஆறு ஊருக்கே எஞ்சியது.

பின்னர் நகரம் ஆற்றையே கேட்கத் தொடங்கியது. முதலில் கேட்டது தண்ணீர். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1960களிலிருந்து மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் சென்னைக்காக இறைக்கப்பட்டது. நன்னீர் விலகிய இடத்தில் கடல்நீர் புகுந்தது. 1969இலேயே அது கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதாக ஆய்வாளர் கண்டனர். கிணறுகள் உவர்த்தன; நெல்வயல்கள் சுருங்கின. 2010இல், அதே வட்டாரத்துக் காட்டுப்பள்ளியில், கடல்நீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கி நகருக்கு அனுப்பும் ஆலை திறக்கப்பட்டது. நன்னீரைக் கொடுத்து உவர்நீரைப் பெற்ற மண்ணிலிருந்தே மீண்டும் நகருக்கு நன்னீர் போகிறது.

அடுத்துக் கேட்டது மின்சாரம். 1994 முதல் 1996 வரை வடசென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று இயங்கத் தொடங்கின. அதற்கான நிலக்கரியை இறக்கவே எண்ணூர்த் துறைமுகம் உருவாகி, 2001இல் திறக்கப்பட்டது. 2014இல் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு சேர்ந்தன. அருகே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் எழுந்தது. தமிழகத்து வீடுகளில் ஒளி பெருகியது. அதை மறுக்க இயலாது. ஆனால் நிலையத்தின் வெந்நீர் கழியில் கலந்தது. நீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்பிய சாம்பல், குழாய் கசிந்த இடங்களில் ஆற்றின் அடியில் படிந்தது. ஆழமிருந்த இடம் மேடாயிற்று. இறால் தங்கிய சேறு சாம்பலாயிற்று. போதாக்குறைக்கு, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, மீனவர் 'காக்கா ஆழி' என்றழைக்கும் சிப்பி, ஆற்றுப் படுகையைப் போர்வைபோல் மூடி மஞ்சள் மட்டியை ஒடுக்கிவருகிறது.

இம்மாற்றத்தின் கணக்கு எழுதப்பட்ட விதமே நம் சிந்தனைக்குரியது. கையகப்படுத்திய நிலத்துக்குப் பட்டா இருந்தது. ஆகவே விலை இருந்தது, இழப்பீடு இருந்தது. ஆற்றுக்குப் பட்டா இல்லை. கையால் இறால் தடவிய பெண்ணின் அன்றாட வருவாய் எந்தப் பதிவேட்டிலும் வரவாக எழுதப்படவில்லை. ஆகவே அது நின்றபோது எந்தப் பதிவேட்டிலும் இழப்பாகவும் எழுதப்படவில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்தது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. ஆலை வேண்டாமென்றால் நிற்கும் கூலி அது. ஆறு எவரையும் வேலையிலிருந்து நீக்கியதில்லை.

சாம்பல் மாசு குறித்த வழக்கில் 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, கழியைச் சீரமைக்க வழிவகுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் பரவியபோது, 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயை அரசு அறிவித்தது. நிவாரணம் தேவையானதே. எனினும் அது ஒருமுறை வருவது. ஆறு தந்ததோ ஆண்டுதோறும், தலைமுறைதோறும் வந்தது.

எனவே, கழியைச் சீரமைத்தல் அழகுபடுத்தும் பணியன்று. சாம்பலை அகற்றி நீரோட்டத்தை மீட்பது, பத்திரமில்லா உடைமையை உரியவரிடம் திருப்பித் தருவதாகும். மின்விளக்கின் கீழ் இதைப் படிக்கும் நாமும் அந்தக் கடனில் பங்காளிகளே.