எவர் பணம், எவர் கணக்கு? ஈராக் மறுகட்டமைப்புச் செலவு (2003–2013)

போரால் சிதைந்த நாட்டை மறுகட்டமைக்கும் பணம் எவருடையது என்பதைப் பொறுத்தே அதன் கணக்குப் பொறுப்பும் அமைகிறது. ஈராக்கில் நிகழ்ந்த வீணடிப்பையும் மோசடியையும் இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

2003 மே 22இல் நிறைவேறிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் ஈராக் வளர்ச்சி நிதியத்தை ஏற்றது. எண்ணெய் ஏற்றுமதி வருவாயும், ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தில் எஞ்சிய தொகையும் அதில் சேர்ந்தன. பணம் ஈராக்கியருடையது, செலவிடும் அதிகாரமோ பால் பிரெமர் தலைமையிலான கூட்டணி இடைக்கால ஆட்சியத்திடம் இருந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து ஏறத்தாழ 1,200 கோடி டாலர் ரொக்கமாகவே விமானங்களில் அனுப்பப்பட்டது. அத்தாள்களின் எடை 363 டன் என 2007இல் அமெரிக்கக் கீழவைக் குழுவின் விசாரணையில் கூறப்பட்டது. வங்கிமுறை சீர்குலைந்த நாட்டில் ரொக்கம் தேவைப்பட்டது என்பது ஏற்கத்தக்கதே. ஆயின் கணக்குப் பதிவைக் கைவிட அது காரணமாகாது.

ஈராக் அமைச்சகங்களுக்கு வழங்கப்பட்ட 880 கோடி டாலருக்கு முறையான கட்டுப்பாடு இல்லை எனச் சிறப்புத் தலைமை ஆய்வாளர் ஸ்டூவர்ட் போவன் 2005 சனவரியில் அறிக்கை அளித்தார். ஓர் அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள் இருந்தனர். அவர்களுள் 602 பேரையே மெய்ப்பிக்க முடிந்தது. போர்ச்சூழலில் மேலைநாட்டுக் கணக்குமுறையை எதிர்பார்ப்பது பொருந்தாது எனப் பிரெமர் மறுத்தார். முழுத்தொகையும் களவுபோனதாக அறிக்கை கூறவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. களவு நிகழ்ந்ததா என அறியும் வழியே இல்லாமற்போனதுதான் அதன் குற்றச்சாட்டு.

சட்டத்திலும் இவ்விடைவெளி புலப்பட்டது. அரசை ஏமாற்றிப் பணம் பெறுவோரைத் தண்டிக்கும் அமெரிக்கச் சட்டம் 1863இல், அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது, படைக்குப் பொருள் வழங்கியோரின் மோசடியைத் தடுக்க எழுந்ததாகும். அதன்கீழ் ஈராக்கில் பணிபுரிந்த ஒரு பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனம் பொறுப்பாளி என 2006இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆட்சியத்திடம் அளித்த பொய்க் கோரிக்கை அமெரிக்க அரசிடம் அளித்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி நீதிபதி அத்தீர்ப்பை விலக்கினார். 2009இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது.

அமெரிக்க வரிப்பணத்தின் நிலை சற்றே வேறு. தணிக்கை நடந்ததால் இழப்பு ஏட்டிலேனும் பதிந்தது. ஏறத்தாழ 6,000 கோடி டாலர் செலவில் குறைந்தது 800 கோடி வீணானதாக 2013ஆம் ஆண்டு இறுதி அறிக்கை மதிப்பிட்டது. தியாலா மாநிலத்துக் கான் பனி சாத் சிறைச்சாலைக்கு மட்டும் சுமார் 4 கோடி டாலர் செலவிடப்பட்டது. 2007இல் அது முற்றுப்பெறாமலே ஈராக் நீதி அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதனைக் கட்டி முடிக்கவோ பயன்படுத்தவோ தங்களுக்குத் திட்டமில்லை என்பதே ஈராக் அதிகாரிகள் அளித்த விடை.