மரத்தில் ஒரு குளம்

மரக்கட்டையில் வாத்து செதுக்குவது கஷ்டம்தான். ஆனால் வாத்துக்கு ஓர் உருவம் இருக்கிறது, இறக்கை இருக்கிறது, பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிடலாம். அந்த வாத்து மிதக்கிற தண்ணீரையும் மரத்திலேயே செதுக்கு என்றால்?

செதுக்குகிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு தனிக் கலை. சிற்றலை, வளையம், வாத்து நீந்திப் போன தடம் எல்லாம் மரம். பளபளவென்று, தொட்டால் விரல் நனைந்துவிடும் போல இருக்கும். இந்த மரத்தண்ணீருக்குப் பின்னால் ஒரு ரத்தக்கறை படிந்த கதை உண்டு.

மர வாத்து பொம்மையாகப் பிறந்ததில்லை. ஏமாற்றுவதற்காகப் பிறந்தது. வானத்தில் போகும் வாத்துக் கூட்டம், கீழே தன் ஜாதிக்காரர்கள் நிம்மதியாக மிதப்பதைப் பார்த்தால், 'அட, இங்கே ஆபத்தில்லை போலிருக்கே' என்று இறங்கும். இறங்கினால் துப்பாக்கி! ஆங்கிலத்தில் 'டிகாய்' என்பார்கள். நமக்கும் இது புதுசில்லை. வேட்டைக்காரர்கள் கட்டிவைக்கும் ஏமாற்று மிருகத்துக்குச் சங்கத் தமிழில் 'பார்வை' என்றே பெயர். பெரும்பாணாற்றுப்படையில் விளாமரத்தில் கட்டிய பார்வை மான் வருகிறது.

1924ல் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையைத் தோண்டியபோது பாய்க்குள் சுற்றிப் பத்திரமாகப் புதைத்திருந்த 11 வாத்துகள் கிடைத்தன. கோரைப்புல்லை முறுக்கிக் கட்டி, வண்ணம் பூசி, சிலவற்றில் நிஜ இறகையும் செருகியிருந்தார்கள். வயது சுமார் 2,000 ஆண்டு! அதில் 'கான்வாஸ்பேக்' என்ற வாத்தை நன்றாகவே அடையாளம் கண்டுபிடிக்க முடிகிறது.

இதே கான்வாஸ்பேக்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசமாக மாட்டியது. கிழக்குக் கரையில் செஸபீக் என்று ஒரு பெரிய விரிகுடா. பனிக்காலத்தில் வாத்துகள் அங்கே லட்சக்கணக்கில் வந்து இறங்கும். பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஓட்டல்களில் கான்வாஸ்பேக் வறுவல் என்றால் பெரிய மனிதர்கள் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். ரயில் வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? படகின் முன்பக்கம் சின்ன பீரங்கி மாதிரி துப்பாக்கியைப் பொருத்தி, ஒரே வெடியில் டஜன் கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். அதைவிடக் கொடுமை 'சிங்க் பாக்ஸ்'. சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியைத் தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்த்தி, அதற்குள் ஆள் மல்லாந்து படுத்துக்கொள்வான். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மர வாத்துகள். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு மனிதன் இருப்பதே தெரியாது.

செய்தவர்கள் யாரும் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மீனவர்கள், தச்சர்கள், படகு கட்டுகிறவர்கள். ஸீடர், பைன் கட்டையைக் கோடாலியால் கொத்தி, அடியில் ஈயம் வைத்து, தலைகீழாகத் தூக்கிப் போட்டாலும் தானாக நிமிருகிற மாதிரி செய்தார்கள். விலை, டஜன் சில டாலர்கள். டெட்ராய்ட்டில் தொழிற்சாலை வைத்தே செய்து தள்ளினார்கள்.

1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் மார்த்தா என்ற புறா செத்துப்போனது. ஒருகாலத்தில் வானத்தையே மறைத்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை அது. அமெரிக்கா திடுக்கிட்டது. 1918ல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. பறவையைச் சுட்டு விற்பது குற்றம் என்று ஆச்சு. 1935ல் சிங்க் பாக்ஸுக்கும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து ஏமாற்றுவதற்கும் தடை. பறவைகள் பிழைத்தன. சுட்டுப் பிழைத்த குடும்பங்கள் வேறு வேலை தேடின. மர வாத்துகளில் பல, அடுப்புக்கு விறகாகப் போயின.

மிச்சமிருந்ததை அலமாரிக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜோயல் பார்பர் என்ற கட்டடக்கலைஞர். தேடித் தேடிச் சேகரித்து 1934ல் புத்தகமே போட்டார். மேரிலாண்டின் கிறிஸ்ஃபீல்டில் லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்று இரண்டு சகோதரர்கள். தொழில் முடிவெட்டுவது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் வாத்து செதுக்கினார்கள். தங்களை 'காட்டுப் பறவைகளை மரத்தில் கள்ளநோட்டு அடிப்பவர்கள்' என்று விளம்பரப்படுத்திக்கொண்ட கில்லாடிகள்! வேட்டைக்குச் செய்தது போய், அழகுக்கென்றே செய்ய ஆரம்பித்தார்கள். அவர்கள் பேரில் 1968ல் ஓர் அறக்கட்டளை உருவாகி, 1971 முதல் உலகப் போட்டியும் நடந்தது. பி.காம். படித்த புத்தி விலையைக் கேட்காமல் விடாதே... எல்மர் க்ரோவெல் என்பவர் செய்த பழைய வாத்து ஒன்று 2003ல் 8,01,500 டாலருக்குப் போனது. 2007ல் அவருடைய 2 பறவைகள் ஆளுக்கு 11.3 லட்சம் டாலர்!

இங்கேதான் தண்ணீர்ப் பிரச்னை வந்தது. வேட்டை வாத்துக்குக் கால் தேவையில்லை, ஏரியே அதற்கு மேடை. மேஜைக்கு வந்துவிட்ட வாத்து எதன் மேல் மிதக்கும்? வெறும் பலகையில் வைத்தால் தரை தட்டிய படகு மாதிரி இருக்கிறது. சரி, தண்ணீரையும் செதுக்கு!

இதற்குப் பாஸ்வுட், டுபீலோ என்ற மரங்கள் தோது. டுபீலோ லூசியானா சதுப்பு நிலங்களில் தண்ணீருக்குள்ளேயே நின்று வளரும். அதன் உப்பிய அடிப்பகுதி மெத்தென்றிருக்கும், எந்தப் பக்கம் இழைத்தாலும் சிலும்பாது.

முதலில் வாத்து என்ன செய்கிறது என்று தீர்மானிக்க வேண்டும். இறகு கோதிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி வளைய வளையமாக அலை, வெளியே போகப் போக உயரம் குறைய வேண்டும். நீந்தினால், பின்னால் 'ஏ' மாதிரி விரியும் தடம். அந்தத் தடத்தின் கோணத்தை இஷ்டத்துக்குச் செதுக்க முடியாது. ஆழமான தண்ணீரில் சீராகப் போனால் வாத்தோ கப்பலோ, விரிவு சுமார் 39 டிகிரிதான் என்று லார்டு கெல்வின் 1887லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். சீறிப் பாயும் மோட்டார் படகு வேறு விஷயம். வாத்து அப்படிப் பாயாது! கோணம் தப்பினால், கணக்குத் தெரியாத ஆளுக்கும் 'என்னமோ இடிக்குதே' என்று தோன்றிவிடும். ஏனென்றால் தண்ணீரை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது, வாத்தும் தண்ணீரும் சந்திக்கும் கோடு. நூல் அளவு இடைவெளி தெரிந்தாலும் வாத்து தண்ணீரில் இல்லை, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆகிவிடும். உப்புத்தாள் தேய்ப்பதும் லேசில்லை. இறகில் உளித்தடம் இருந்தால் மன்னிக்கலாம், தண்ணீரில் இருக்கக்கூடாது. பளபளப்பு வார்னிஷ் ஏற ஏற ஒவ்வொரு கீறலும் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி காட்டிக்கொடுக்கும். தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து... பொறுமைசாலிகள் பாடு.

தண்ணீருக்கென்று நிறமும் கிடையாது. அலையின் ஒரு சரிவு வானத்தைக் காட்டும், மறு சரிவு அடியிலிருக்கும் இருட்டைக் காட்டும். வாத்தின் நிழலுருவம் அதில் துண்டு துண்டாக நெளிய வேண்டும். எல்லாம் தூரிகை வேலை. ரெஸினை ஊற்றினால் சுலபமாக நிஜத் தண்ணீர் மாதிரி இருக்குமே என்று கேட்கலாம். பலர் ஊற்றுகிறார்கள். குமிழி சிக்கிக்கொள்ளும், சிலது வருஷம் போனால் மஞ்சளாகும். என் ஓட்டு மரத்துக்குத்தான்.

கடைசியில் ஒரு சங்கடம். குளத்தை எங்கே நிறுத்துவது? சிலர் கேக் வெட்டின மாதிரி சதுரமாக வெட்டி, வெட்டுமுகத்தைக் கறுப்பாக்கிவிடுகிறார்கள். சிலர் கடைசி அலை வளையம் எங்கே முடிகிறதோ அதையே விளிம்பாக இழைத்துவிட்டு, மேஜையில் வைத்துவிடுகிறார்கள்.