மென்பொருளின் உரிமையும் பொறுப்பும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

ஒரு பொருள் இன்னாருக்கு உரியது என்று சட்டம் அங்கீகரிக்குமானால், அப்பொருளால் பிறருக்கு விளையும் தீங்குக்கும் அவரையே உத்தரவாதியாகக் கொள்வது நீதி சாஸ்திரத்தின் பொதுவான போக்காகும். மென்பொருளின் சரித்திரத்திலோ இவ்விரண்டும் உடன்பிறக்கவில்லை. உரிமை முதலில் வேரூன்றிவிட, பொறுப்பு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தே சட்டப் புத்தகத்தில் தெளிவான இடம் பெற்றது. ஆலைகளும் மின்நிலையங்களும் வலைப்பின்னலால் பிணைக்கப்பட்டுள்ள இக்காலத்தில், அந்த இடைவெளி எவ்வாறு தோன்றிற்று, எக்காரணங்களால் குறுகி வருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிரல் சொத்தான வரலாறு

கணிப்பொறி வாணிகத்தின் ஆரம்பத்தில் நிரலுக்குப் பெரும்பாலும் தனி விலை இருந்ததில்லை. ஐ.பி.எம். தன் யந்திரங்களை வாடகைக்கு விட்டபோது நிரல்களையும் அவற்றோடு சேர்த்தே வழங்கிற்று. 1955-ல் அமைந்த ஷேர் என்னும் பயனாளர் சங்கத்தார் தாம் எழுதிய நிரல்களைத் தமக்குள் தாராளமாகப் பரிமாறிக்கொண்டனர். அமெரிக்க நீதி இலாகா 1969 ஜனவரியில் அந்நிறுவனத்தின்மீது ஏகபோக வழக்குத் தொடுக்க, அவ்வாண்டு ஜூன் 23 அன்று, யந்திரத்துக்கு வேறாகவும் பல நிரல்களுக்கு வேறாகவும் விலை வைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காவதற்கு இதுவே பெரும் திருப்பமாயிற்று.

சரக்கான பின் அதனை எந்தச் சட்டத்தால் காப்பது என்ற வினா எழுந்தது. மார்ட்டின் கோட்ஸ் என்பவர் தரவுகளை வரிசைப்படுத்தும் முறை ஒன்றுக்கு 1968-லேயே காப்புரிமை பெற்றிருந்தார் எனினும், அமெரிக்க நாடாளுமன்றம் 1980-ல் பதிப்புரிமைச் சட்டத்தையே நிரலுக்கு ஏற்பத் திருத்தியது. 1983-ல் ஆப்பிளுக்கும் பிராங்க்ளினுக்கும் இடையே நடந்த வழக்கில், மனிதர் படிக்கும் வடிவிலுள்ள நிரலுக்கு மாத்திரமன்றி, நினைவகச் சில்லில் பொறிக்கப்பட்டு யந்திரமே உணரத்தக்க வடிவிலுள்ள நிரலுக்கும் அவ்வுரிமை உண்டென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் இந்தியாவும் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது.

இத்தேர்வின் விளைவு ஆழமானது. நூலாகக் கருதப்பட்டமையால் நிரலுக்கு ஆசிரிய உரிமை முழுதும் கிட்டியதேயன்றி, கொதிகலனையோ மோட்டார் வாகனத்தையோ செய்து விற்பவர்மீது சட்டம் சுமத்தும் கடமைகள் அதன்மேல் எளிதில் ஏறவில்லை. நிரல் விற்கப்படுவதில்லை, பயன்படுத்த அனுமதியே தரப்படுகிறது என்று கூறும் உரிம ஒப்பந்தங்கள், பிழையால் நேரும் நஷ்டத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்ற வாசகத்தையும் வழக்கமாகச் சேர்த்துக்கொண்டன.

பூட்டின் வளர்ச்சி

சட்டம் மாத்திரம் பிரதியெடுப்பதைத் தடுக்கப் போதாமற்போகவே, 1980-களில் டாங்கிள் என்னும் சிறு சாதனம் பரவலாயிற்று. கணிப்பொறியில் அது செருகப்பட்டிருந்தாலன்றி நிரல் இயங்காது. ஆனால், ‘சாவி உளதா’ என்று சோதிக்கும் கட்டளையை நீக்கிவிட்டால் பூட்டே பயனற்றுப்போம் என்பதைத் திருடர் விரைவில் கண்டுகொண்டனர். ஆதலின், நிரலின் பகுதிகளையே மறையாக்கம் செய்து, சாதனத்தினுள் இருக்கும் ரகசியச் சாவியின்றி அவை பொருள்படாதவாறு அமைக்கும் முறை வளர்ந்தது. முறை பகிரங்கமாயினும் சாவி மறைந்திருந்தால் போதும் என்று 1883-ல் மறையியலாளர் கெர்க்ஹாப்ஸ் வகுத்த விதிக்கு இது இணங்கியது.

1998-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம், பிரதியெடுத்தலுக்கு அப்பால், பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிற்று. இதன் இடர்ப்பாடு 2015-ல் வெளிப்பட்டது. வாகனங்களின் நிரலை ஆராயவும் பழுதுபார்க்கவும் விலக்கு வேண்டுமென்ற கோரிக்கையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே எதிர்த்தது; அவ்வாண்டு செப்டம்பரில், வோக்ஸ்வாகன் வண்டிகளில் புகைச் சோதனையை ஏய்க்கும் நிரல் ஒளிந்திருந்ததாக அறிவித்ததும் அம்முகமையே. அக்டோபரில் டிராக்டர் உள்ளிட்ட வாகனங்களுக்கு விலக்கு வழங்கப்பட்டது. உடைமையைக் காக்க இட்ட பூட்டு குற்றத்துக்கும் திரையாகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

ஆலைக்குள் புகுந்த ஆபத்து

ஆலை யந்திரங்களின் கதை வேறு வழியில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் தேவையையொட்டி 1960-களின் இறுதியில் பிறந்த மோடிகான் 084 கட்டுப்பாட்டுக் கருவியும், அதன் வழிவந்து 1979-ல் வெளியான மோட்பஸ் என்னும் செய்தி முறையும், கட்டளையிடுவோர் யாவரென வினவும் ஏற்பாடின்றியே அமைந்தன. ஆலை தனித்திருந்த காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. 2010-ல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்திலிருந்த சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாக்கி, சுழலும் யந்திரங்களின் வேகத்தை மாற்றியதோடு, எல்லாம் சீராகவே உள்ளன என்ற பொய்க்காட்சியையும் கண்காணிப்போருக்குக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. வெளியுலக வலையினின்று விலகியிருத்தலே காப்பு என்ற நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது. அந்நிரல், தைவானிலுள்ள இரு நிறுவனங்களின் திருடப்பட்ட சாவிகளால் கையொப்பமிடப்பட்டு, நேர்மையான நிரல்போல் நடமாடிற்று. 2017-ல் நாட்பெட்யா என்னும் தீநிரல், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகவே புகுந்தது. நிரலைத் திருத்தவல்ல அதிகாரம் எவர் கையில் உளதோ, அவருடைய கவனக்குறைவு அவரை நம்பிய ஆலைகள் அனைத்தையும் பாதிக்கும் என்பதை இவ்விரண்டும் மெய்ப்பித்தன.

பொறுப்பு சட்டமாதல்

ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62443 போன்ற தர விதிகள் முன்பே இருந்தன. எனினும், ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய இணையத் தாங்குதிறன் சட்டமே, வாணிப நோக்கில் டிஜிட்டல் பொருளை விற்பவர் அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றாக வேண்டும் என்று விரிவாக விதித்தது. 2027 டிசம்பர் 11 முதல் அதன் முக்கிய விதிகள் அமலாகும். அடிப்படைக் கடமைகளை மீறுவோருக்கு 1.5 கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 2.5 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அதுவரை அபராதம் உண்டு. அதே ஆண்டில் திருத்தி இயற்றப்பட்ட பொருள் பொறுப்பு நெறியாணை, மென்பொருளையும் ‘பொருள்’ என்றே வரையறுத்தது. பதிப்புரிமையின் கண்ணில் நூலாக நீடிக்கும் நிரல், தீங்குக்கு ஈடு கேட்பவரின் முன் ஐரோப்பாவில் சரக்காகிவிட்டது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. இணையத் தாங்குதிறன் சட்டம், குறுகிய ஆயுளுடைய பொருள்கள் நீங்கலாக, குறைந்தது 5 ஆண்டுக் காலப் பராமரிப்பை வேண்டுகிறது. ஆலை யந்திரங்களோ பல பத்தாண்டுகள் உழைப்பவை. பராமரிப்பு முடிந்த பின்னும் பூட்டு நீடிக்குமானால், யந்திரத்தை உடையவர் அதன் ஓட்டையை அறிந்தும் அடைக்க இயலாதவராவார். திறக்கும் அதிகாரத்தைத் தமக்கே உரித்தாக்கிக்கொள்ளும் உற்பத்தியாளர், திருத்தும் கடமையையும் அவ்வளவு காலம் சுமக்க வேண்டும். கடமையைக் கைவிடும் நாளில் சாவியையும் யந்திரத்தின் உடையவரிடம் ஒப்படைப்பதே நியாயமாகும். அரை நூற்றாண்டாக உரிமைக்கு நெருக்கமாக வேலியிட்டு வந்த சட்டம், இதனையும் எழுத்தில் விதித்தாலன்றித் தன் பணியை முடித்ததாகக் கொள்ள இயலாது.