கிஸ்கார்ட் பிழைத்திருந்தால்...
(நார்மன்களின் வரலாற்றில் ஒரு 'ஒருவேளை')

வரலாற்றில் 'ஒருவேளை' என்ற சொல்லுக்கு இடமில்லை என்பார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்கும்போதுதான், நடந்தது ஏன் அப்படி நடந்தது என்பது எனக்கு விளங்குகிறது. நார்மன்கள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது 1066-ஆம் ஆண்டும், ஹேஸ்டிங்ஸ் போரும், இங்கிலாந்தை வென்ற வில்லியமும்தான். அதே தலைமுறையில் இன்னொரு நார்மன், அதைவிடப் பெரிய பரிசு ஒன்றுக்குக் குறி வைத்தார். அவர் பெயர் ராபர்ட் கிஸ்கார்ட். 'கிஸ்கார்ட்' என்றால் தந்திரக்காரன் என்று பொருள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 911-இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் சார்லஸ், ரோலோ என்ற வைக்கிங் தலைவனுக்கு ருவான் நகரைச் சுற்றிய நிலத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். அதுவே நார்மண்டி ஆயிற்று. அங்கிருந்து நிலமில்லாத இளைய மகன்கள் கூலிப் படையினராகத் தென் இத்தாலிக்குப் போனார்கள். ஓத்வில் என்ற ஊரைச் சேர்ந்த சிறு பிரபு டாங்கிரெடின் மகன்களில் ஒருவரான ராபர்ட், 1059-இல் போப்பிடமிருந்தே பிரபுப் பட்டம் பெற்றார். 1071-இல் பாரி நகரம் விழுந்தது. இத்தாலியில் பைசாண்டியப் பேரரசுக்கு இருந்த கடைசிப் பிடி அது. மறு ஆண்டு, ராபர்ட்டும் அவர் தம்பி ரோஜரும் சிசிலியின் பலெர்மோ நகரைக் கைப்பற்றினார்கள்.

அடுத்த குறி கான்ஸ்டாண்டிநோபிள். 1081-இல் ராபர்ட் அட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, இன்றைய அல்பேனியாவிலுள்ள துரெஸ் நகருக்கு அருகே பேரரசர் அலெக்ஸியோஸைத் தோற்கடித்தார். பேரரசரின் மெய்க்காவல் படையில், வில்லியமின் ஆட்சியை ஏற்காமல் நாட்டைவிட்டு வெளியேறிய ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். ஹேஸ்டிங்ஸ் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவின் மறுகோடியில், மீண்டும் நார்மன்களிடமே அவர்கள் மாண்டார்கள். இந்தப் போரைப் பேரரசரின் மகள் அன்னா கொம்னெனா தன் 'அலெக்ஸியாட்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பகைவரான ராபர்ட்டின் தோற்றத்தை அவர் வருணிக்கும் இடத்தில் வியப்பும் கலந்திருக்கிறது.

ஆனால் இத்தாலியில் கலகம் மூண்டது. ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி ரோமை நெருக்கினான். ராபர்ட் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி கிளம்பிப் போனவர், 1085 ஜூலையில் கெஃபலோனியா தீவில் காய்ச்சலில் இறந்தார். படை கலைந்தது. அந்தத் தீவிலுள்ள ஃபிஸ்கார்டோ என்ற சிற்றூர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்திருந்தால், 1095-இல் துருக்கியருக்கு எதிராகப் போப்பிடம் உதவி கேட்டுத் தூது அனுப்ப அலெக்ஸியோஸ் இருந்திருக்க மாட்டார். முதலாம் சிலுவைப் போர், நாம் அறிந்த வடிவில், நடந்திருக்காது. நார்மன்களுக்கு எதிராகக் கப்பற்படை தந்ததற்காக வெனிஸ் பெற்ற சுங்க விலக்கும் செல்லாமல் போயிருக்கும். அந்த நகரத்தின் வணிகச் செல்வம் வளர்ந்ததற்கு அந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை கற்பனை அழகாகத்தான் போகிறது. ஆனால் நகரத்தைப் பிடித்திருந்தாலும் அவர்களால் அதை வைத்துக்கொண்டிருக்க முடிந்திருக்காது என்பது என் கணிப்பு. ராபர்ட்டுக்கு அப்போது எழுபது வயதை ஒட்டியிருக்கும். அவர் மகன்கள் போஹெமண்டும் ரோஜர் போர்சாவும் தந்தை இறந்ததும் தமக்குள் மோதிக்கொண்டவர்கள். இதற்கு வரலாறே ஒரு சோதனையும் நடத்திக் காட்டியிருக்கிறது. 1204-இல் சிலுவைப் போர்வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்து நிறுவிய லத்தீன் பேரரசு 57 ஆண்டுகளே நீடித்தது.

நார்மன்கள் நிலைத்த இடங்களைப் பாருங்கள். சிசிலியை வெல்ல அவர்களுக்கு முப்பது ஆண்டுகள் (1061-1091) பிடித்தன. வென்ற பிறகு அரபு, கிரேக்க அலுவலர்களை விரட்டவில்லை. அவர்களை வைத்தே ஆண்டார்கள். 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜரின் அரசில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் ஆவணங்கள் எழுதப்பட்டன. அவருடைய முடிசூட்டு மேலங்கி என்று அறியப்படும் ஆடையின் விளிம்பில் இருப்பது அரபு எழுத்து. அல்-இத்ரீசி தன் புகழ்பெற்ற புவியியல் நூலை 1154-இல் முடித்ததும் அவருடைய ஆதரவில்தான். இங்கிலாந்திலும் பழைய மாவட்ட அமைப்பையும் வரி முறையையும் வில்லியம் அழிக்கவில்லை. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கு அவற்றின் மேல்தான் நிற்கிறது.

அவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதனால் போன இடத்து மொழியையும் முறையையும் எடுத்துக்கொண்டார்கள். மெல்ல அதிலேயே கரைந்தும் போனார்கள். ரோலோவின் சந்ததியார் சில தலைமுறைகளில் வடமொழியாம் நார்ஸை மறந்து பிரெஞ்சு பேசினார்கள். இங்கிலாந்தில் அந்தப் பிரெஞ்சும் தேய்ந்து, 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அவர்கள் மறந்த மொழிகளின் மிச்சம், நார்மண்டியின் இவெத்தோ போன்ற ஊர்ப்பெயர்களிலும் ஆங்கில அகராதியிலும் கிடக்கிறது.

எனவே கிஸ்கார்ட் பிழைத்து, நார்மன் ஆட்சி போஸ்பரஸ் வரை பரவி, எப்படியோ நிலைத்தும் இருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது ஒரு நார்மன் ஐரோப்பா அல்ல. கிரேக்கம் பேசும் இன்னொரு பலெர்மோ. அதன் நான்காம் தலைமுறை இளவரசனிடம் 'நீ யார்?' என்று கேட்டிருந்தால், நார்மன் என்று அவன் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம்தான்.