வாய்ப்புண்ணும் சுப்பாராவும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்.

நம் தென்காசிப் பக்கம் வாய்ப்புண் என்றால் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பார்கள். சொந்தத்தில் ஒருவருக்குக் கீமோ நடக்கிறது. வாயெல்லாம் வெந்து, மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. "கீரைக்குக் கேட்காத வாய்ப்புண்ணும் உண்டா சார்?" என்று அவர் மகன் கேட்டான். அதற்கு ஒரு வரலாறே உண்டு.

எல்லப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தவர். (பரீட்சை மதிப்பெண்ணை நினைத்து அழுதவர்கள் இதைப் படிக்கவும்!) அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்காகும், நாக்கும் வாயும் புண்ணாகும் நோய் அது. அந்தப் பெயரே வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அந்த நோயில் குறைவது ஃபோலிக் அமிலம். 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பெயர் வைத்தார்கள். லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவின் குழு 1945இல் அதைச் செயற்கையாகவே தயாரித்தது. பிறகு அதே குழு அதற்கு ஒரு போலியையும் செய்தது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவி மாதிரி. அமினோப்டெரின் என்று பெயர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான அந்தக் கட்டுரையிலேயே, வாயில் புண் வருவதையும் அவர் எழுதியிருக்கிறார்.

காரணம் எளிது. வேகமாகப் பெருகும் செல்லை மருந்து பட்டினி போடுகிறது. புற்றுசெல் மட்டுமா வேகமாகப் பெருகுகிறது? நம் வாயின் உள்தோலும் ஓரிரு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுதான். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. அண்ணன் தம்பியைக் கொன்ற நோயின் புண்ணும், தன் குழு செய்த மருந்தின் புண்ணும் ஒரே குறைபாட்டில் வந்து நின்றன. சுப்பாராவ் அந்த ஆகஸ்ட்டிலேயே, 53 வயதில் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்த மகனிடம் கடையில் ஃபோலிக் மாத்திரை வாங்கிக் கொடுக்காதே, டாக்டரிடம் கேள் என்றேன். சில சிகிச்சைகளில் அது மருந்தையே முறித்துவிடும். முடக்குவாதத்துக்கு இதே மாத்திரையை வாரம் ஒருமுறைதான் தருவார்கள், அங்கே டாக்டரே ஃபோலிக் அமிலமும் சேர்த்து எழுதுவார். மறதியாகத் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பலருக்கு முதலில் தெரிவது வாய்ப்புண்தான். வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், கிழமையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

5-எஃப்யூ என்ற வேறொரு கீமோ மருந்தை ஊசியாகப் போடும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். குளிரில் ரத்த ஓட்டம் சுருங்கி, வாய்க்கு மருந்து குறைவாகப் போகும். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. நம்மவருக்கு டாக்டர் மரத்துப்போகும் மருந்து கொடுத்து, உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று ஆறிய கஞ்சி அரை டம்ளர் இறங்கியதாம்.