வண்டல்

போன மே மாசம் மகள் லீவுக்கு வந்தப்ப பேத்திக்கு ஒரு பொட்டி வாங்கியாந்திருந்தா. உள்ள நீலக் கலர்ல மணல். கையில ஒட்டாதாம். பிசைஞ்சு, கொட்டி, தொட்டு விளையாண்டாத்தான் பிள்ளைங்களுக்கு மூளையும் விரலும் நல்லா வளரும்னு ஸ்கூல்ல சொன்னாங்களாம். ‘சென்சரி பிளே’ன்னு பேரு. விலையைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏம்மா, வாசல்ல கிடக்குற மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னேன். "அதுல கிருமி இருக்கும்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு வண்டல்னா கண்மாயில அள்ளி வயலுக்கு அடிக்கிற மண்ணு. ஆனா சங்கப் பாட்டுல வண்டல்னா பொம்பளைப் பிள்ளைங்க மணல்ல விளையாடுற விளையாட்டுக்கும் அதே பேருதான். மண்ணைப் பிசைஞ்சு பாவை செய்வாங்க, அது வண்டற்பாவை. மணல்ல சின்ன வீடு கட்டுவாங்க, அது சிற்றில். மண்ணுலயே சமைச்சா சிறுசோறு. இத்தனை பேரு வச்சிருக்காங்கன்னா அந்தக் காலத்துல எத்தனை பிள்ளைங்க விளையாண்டிருக்கணும், பாருங்க.

நான் படிச்சது பன்னிரண்டாவது வரைதான். ஆனா தமிழய்யா நடத்துன கலித்தொகைப் பாட்டு இன்னும் மறக்கல. கபிலர் பாட்டு, 51ஆவது. தெருவுல நாம கட்டுன மணல் வீட்டைக் காலால எத்தி விட்டானே, அந்தப் பயல் ஒரு நாள் வீட்டுக்கே வந்து தண்ணி கேட்டு என் கையைப் புடிச்சுட்டான்டின்னு ஒருத்தி தோழிகிட்ட சொல்லுவா. அம்மா ஓடி வந்ததும், தண்ணி குடிச்சவனுக்கு விக்கல்னு பொய் சொல்லிக் காப்பாத்தி விட்டுருவா. வகுப்பே சிரிச்சுச்சு. மணல் வீட்டுல ஆரம்பிச்ச சண்டைதான் அது.

பின்னாடி ஆண்டாள் இதையே கண்ணன்கிட்ட முறையிடுற மாதிரி பத்துப் பாட்டாப் பாடுனாங்க. நாச்சியார் திருமொழியில ரெண்டாவது பதிகம் முழுக்க, எங்க சிற்றிலைச் சிதைக்காதேங்கிறதுதான். 12ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடுனாரு. ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல சிற்றில்னு தனியா ஒரு பருவமே உண்டு. ராஜாவா இருந்தாலும் சின்ன வயசுல மணல் வீட்டை எத்தித்தான் ஆகணும் போல.

சோத்துலயும் அப்படித்தான். பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூத்துல (188) பாடியிருக்கிறது ராஜ்ஜியத்தை இல்ல. நெய்ச்சோத்தைத் தொட்டு, துழாவி, மேலெல்லாம் இறைச்சுக்கிற குழந்தையை. அது இல்லாதவன் எவ்வளவு செல்வம் வச்சிருந்தும் வாழ்ந்த நாள் வீண்ங்கிறான். வள்ளுவரும் பிள்ளை கைவிட்டு அளைஞ்ச கூழ் அமுதத்தை விட இனிப்புங்கிறாரு. இன்னிக்கு அளைய விடுறதில்லை. செல்போனைக் காட்டி ஸ்பூன்ல ஊட்டுறாங்க. எங்க வீட்டுலயும்தான்.

கீழடி எங்களுக்குத் தூரமில்ல. அங்க மியூசியத்துல உடைஞ்ச பானை ஓட்டைத் தேய்ச்ச வட்டச் சில்லு வச்சிருக்காங்க. அதைப் பார்த்ததும் எனக்கு என் தங்கச்சி ஞாபகம்தான் வந்துச்சு. அவ இடுப்புலயும் இதே மாதிரி ஒன்னு சொருகியிருக்கும்.

எங்க காலத்துல கண்மாய் வத்துனா எங்க ராஜ்ஜியம்தான். ஈரமண்ணைச் சிரட்டையில அமுக்கிக் கவுத்தா இட்லி. செங்கலை உரசுனா மிளகாப்பொடி. களிமண்ல காளை செஞ்சு குன்றிமணியைக் கண்ணா வைப்போம். கொழகொழன்னு இருந்தா தண்ணி கூட, வெடிச்சா கொறைச்சல்னு விரலுக்கே தெரியும். இன்னிக்கும் உழவுக்கு ஈரம் பதமான்னு ஒரு பிடி அள்ளி அமுக்கித்தான் பார்க்குறேன். அதை எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

எல்லாம் சொர்க்கம்னும் சொல்ல மாட்டேன். மண்ணு தின்னு வயிறு ஊதிக் கிடந்த பிள்ளைங்க உண்டு. வயித்துல பூச்சியோடதான் பாதிப் பேரு திரிஞ்சோம். வெளக்கெண்ணெய் ஊத்தி விடுற அன்னிக்கு வீடே ரெண்டுபடும். இப்ப பள்ளிக்கூடத்துலயும் அங்கன்வாடியிலயும் பூச்சி மாத்திரை குடுத்துடுறாங்க, நல்ல காரியம்.

அதனால மகள் சொன்னதை ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். கிருமிக்குப் பயந்தாளே ஒழிய மத்ததை அவ பார்க்கல. எங்க கண்மாய்க் கரையில இப்ப பீர்பாட்டில் சில்லு இல்லாம பத்தடி நடக்க முடியாது. வீட்டுக் கழிவு ஓடையும் அதுலதான் விழுது. சரி, வயல்ல விளையாடட்டும்னா, வரப்புல களைக்கொல்லி அடிச்சது யாரு? நான்தான். கூலிக்கு ஆள் கிடைக்கல, அடிச்சேன். மருந்து அடிச்ச அன்னிக்கு, "ஐயா, நானும் வாரேன்"னு ஓடியாந்த பிள்ளையை வரப்புல கால் வைக்காதன்னு அதட்டுனேன். நீல மணலைப் பார்த்துச் சிரிச்சவன் நான்.

இந்த வருசம் தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி வாங்கி வண்டல் அடிச்சேன். ஊர்க்கழிவு வராத மேற்குப் பக்கமாப் பார்த்துக் கொஞ்சம் தனியா எடுத்து வீட்டுக்குப் பின்னாடி வேம்படியில கொட்டியிருக்கேன். ரெண்டு நாளா நானும் வீட்டுக்காரியும் சல்லடையில சலிக்கிறோம். கண்ணாடிச் சில்லு ஒரு டப்பா, ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, ஒத்தைச் செருப்புன்னு வந்துச்சு. சிரட்டை நாலு தேச்சு வச்சாச்சு.

நேத்து மகள்கிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "வெயில்ல நல்லா காயப் போட்டீங்களாப்பா?"ன்னா.

போட்டிருக்கேன்.