1992: போஸ்டரில் ஏறிய பெயர்கள்

1992-ல் தமிழ்நாட்டில் நன்றாக ஓடிய படங்கள் எவை என்று கேட்டால், சினிமா பார்க்கிற யாரும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். பொங்கலுக்குச் 'சின்னக் கவுண்டர்', 'மன்னன்'. ஜூன் 27-ல் 'அண்ணாமலை'. ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா'. தீபாவளிக்கு, அதாவது அக்டோபர் 25-ல் 'தேவர் மகன்'. ஊடே 'சூரியன்', 'செம்பருத்தி'. இந்த வரிசையை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். வருசத்தின் முதல் பண்டிகைக்கு ஒரு சாதிப் பட்டம், கடைசிப் பண்டிகைக்கு ஒரு சாதிப் பட்டம். இரண்டும் வெற்றி.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதே என்று தீர்மானம் போட்டது. அதன்பிறகு படித்தவர், அரசியல்வாதி, வாத்தியார் எல்லாரும் பட்டத்தைப் பேரிலிருந்து வெட்டினார்கள். (மனசிலிருந்து வெட்டினார்களா என்பது வேற கதை.) 63 வருசம் கழித்து அந்தப் பட்டம் மட்டும் தனியாக, ஆள்பேரைக்கூட விட்டுவிட்டு, ஆளுயர எழுத்தில் சுவரில் ஏறியது. சாதிப்பேர் படத்தலைப்பில் வந்தது அதுதான் முதல் தடவை என்று நான் சொல்ல வரவில்லை. அது காசாகும் என்று வியாபாரத்துக்குத் தெரிந்துபோன வருசம் அது என்கிறேன்.

காசு என்றால் யார் காசு? நம்ம ஊரில் வசூல் கணக்கை எவனும் வெளியே சொல்ல மாட்டான். நாள் கணக்குத்தான். நூறு நாள், 175 நாள் வெள்ளிவிழா. வியாபாரிகள் மாநிலத்தையே ஏரியாவாகப் பிரித்து வைத்திருந்தார்கள், மதுரை-ராமநாதபுரம் ஏரியா, திருநெல்வேலி-கன்னியாகுமரி ஏரியா என்று. ஒவ்வொரு ஏரியாவுக்குள்ளும் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். மெட்ராஸ், மதுரை மாதிரி நகரத்தில் நூறு நாள் ஓடலாம். ஆனால் ஒரு படம் 'பட்டிதொட்டியெல்லாம்' ஓடியது என்று விளம்பரம் போட வேண்டுமானால் பி, சி சென்டர்களில் ஒரே ஆள் இரண்டு மூணு தடவை பார்க்க வேண்டும். அந்த ஆள் யாரு? களையெடுத்த கூலியை முந்தியில் முடிந்துகொண்டு வந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவள். செங்கல் சூளையிலிருந்தும் தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் ராத்திரி ஆட்டத்துக்கு நடந்து வந்தவன். அந்த வெற்றிக் கணக்கில் எஞ்சனத்தின் கூலியும் கிடக்கிறது.

'தேவர் மகன்' பார்க்க எங்க தெருவிலிருந்து இருபது பேருக்கு மேல் சேர்ந்து போனோம். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் எங்களது. அஞ்சு மைல் நடந்தால்தான் கொட்டகை. சிவாஜி வந்தபோது நாங்களும் விசிலடித்தோம். அதிலே வெட்கப்பட என்ன இருக்கு? நடிப்பென்றால் அது நடிப்பு. திரும்பி வரும்போது இருட்டில் அம்மா கேட்டாள்: "ஏய்யா, இம்புட்டுப் பெரிய ஊரக் காமிச்சாகளே, அதுல நம்ம தெரு எங்கிட்டு இருக்கு?" யாரும் பதில் சொல்லவில்லை. முன்னால் போன பெரியப்பாதான், "கேமராவுக்கு அம்புட்டுத் தூரம் எட்டாது, நடங்க" என்றார்.

அம்மா கேட்டதைவிடப் பெரிய விமர்சனம் அந்தப் படத்துக்கு இன்றுவரை யாரும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். அண்ணன் தம்பிப் பகையால் இரண்டுபட்ட ஊர், கண்மாய்க் கரை உடைந்து பிள்ளைகள் சாகிற ஊர். அதில் சேரி எங்கே? 'சின்னக் கவுண்டர்' ஊரிலும் அதே கதைதான். அங்கே கவுண்டர் தீர்ப்புச் சொல்வார், ஊர் கும்பிடும். துணி வெளுக்கிறவர் கவுண்டமணி. அவர் பட்ட பாடெல்லாம் நமக்குச் சிரிப்பு. குடை பிடித்துப் பின்னாலேயே ஓடுகிறவர் வடிவேலு. உழைக்கிற சாதிக்காரனுக்குப் படத்தில் இடம் உண்டு, குடைக்குக் கீழே அல்ல, குடைக் காம்பைப் பிடிக்கிற கையாக. அடுத்த வருசமே 'எஜமான்', 1994-ல் 'நாட்டாமை'. வரிசையாகத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

தீர்ப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'அண்ணாமலை' வருவதற்கு ஏழு நாள் முன்பு, 1992 ஜூன் 20-ல், தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் பழங்குடி மக்களின் ஊருக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்ற பேரில் 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். படத்தில் ஒரு ரீலுக்குள் கிடைக்கிற நீதிக்கு வாச்சாத்திப் பெண்கள் 19 வருசம், அதற்குமேல் 12 வருசம் காத்துக் கிடந்தார்கள்.

திரும்ப 'தேவர் மக'னுக்கு வருகிறேன். அதை வெறும் சாதிப் பெருமைப் படம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. எழுதிய கமல்ஹாசனும் இயக்கிய பரதனும் கடைசியில் கதாநாயகனை அரிவாளோடு போலீசிடம் ஒப்படைக்கிறார்கள், வெட்டுக்குத்தை விடச் சொல்கிறார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் தெருவில் இறங்கி வந்தது எது? அந்த முடிவு இறங்கவில்லை. மீசையும் பாட்டும் இறங்கின. மேலத்தெருவில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் குழாய் ரேடியோவை எங்க தெருவைப் பார்த்துக் கட்டி அந்த ஒரு பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அது பாட்டாக இல்லை, அறிவிப்பாக இருந்தது. மீசை வைத்திருந்த எங்க பையன்களிடம், "நீ எந்தத் தேவர் மகன்டா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அந்தக் கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் என்பதையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் இசக்கி என்று ஒருவன் வருகிறான். வடிவேலு. பூட்டிக் கிடக்கிற கோயிலை சின்ன எஜமான் பார்க்க ஆசைப்படுகிறார். பூட்டைத் திறக்கிறவன் இசக்கி. ஆசைப்பட்டது ஒருத்தர், திறந்தது இன்னொருத்தன், கை போனதும் அவனுக்கே. ஒரு கை போனபிறகும் அவன் விசுவாசமாகத்தான் பேசுகிறான், எஜமான் கண்கலங்குகிறார். இசக்கி என்ன சாதி என்று படம் சொல்லவில்லை. கோயில் பூட்டைத் தொட்டதற்குக் கையை வெட்டுகிறார்கள் என்றால் எங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பகை பெரிய வீட்டுப் பங்காளிகளுடையது, வெட்டுப்பட்டது வேலைக்காரன் கை. அந்தக் கையை நட்டுத்தான் கதையே வளர்கிறது. அப்புறம் கதை அவனை மறந்துவிடுகிறது.

அதே 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. எந்தத் தெருவில் எந்தச் சாதி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது எங்க தெரு என்று ஊரை அதில் எழுதிவிட்டார். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் கொட்டகையில் இல்லை, அந்தச் சின்னப் புத்தகத்தில் இருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

பெயர் விசயத்துக்கு வருவோம். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை தி.மு.க. அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர், தேவேந்திர குலத்தவர். பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், மருதுபாண்டியர் என்று எத்தனையோ பெயர் தாங்கி பஸ் ஓடியது. எஞ்சனம் ஏறி இறங்கியது. இந்த ஒரு பெயர் போட்ட பஸ்சில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் தென்மாவட்டமெங்கும் பரவியது. கடைசியில் அரசு என்ன செய்தது? அந்த ஜூலையில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. இன்றைக்கு ஓடுகிறது வெறும் அரசுப் போக்குவரத்துக் கழகம். அவர்கள் பெயர் கொட்டகையில் மாசக் கணக்கில் ஓடலாம், எங்க பெயர் ரோட்டில் ஓடக்கூடாது.

2003-ல் கமல்ஹாசன் 'சண்டியர்' என்று பெயர் வைத்தபோது டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். படம் 2004-ல் 'விருமாண்டி'யாக வந்தது. கருத்துச் சுதந்திரம் போச்சு என்று அப்போது கூச்சல் போட்டவர்கள் எழுதியதெல்லாம் நினைவிருக்கிறது. பஸ்சிலிருந்து சுந்தரலிங்கம் பெயரை இறக்கியபோது அவர்களில் எத்தனை பேர் பேனாவைத் திறந்தார்கள்?

2023 ஜூனில் மாரி செல்வராஜ், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, 'தேவர் மகன்' தன்னை எப்படி அலைக்கழித்தது என்று சொன்னார். அந்த இசக்கிதான் என் 'மாமன்னன்' என்றார். அதே வடிவேலு. இந்தத் தடவை எம்.எல்.ஏ. படம் ஜூன் 29-ல் வந்தது, கூட்டமும் வந்தது. இசக்கி நாற்காலியில் உட்கார 31 வருசம் ஆகியிருக்கிறது.